சம்பள ஆள், கமிஷன் ஆள்

கம்ப்யூட்டர் வந்தால் இடைத்தரகர் ஒழிந்துவிடுவார் என்று யாராவது ஒருவர் எழுதிக்கொண்டே இருக்கிறார். அப்படி எழுதுகிறவரை ஒருநாள் விடிகாலையில் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் கரைக்குக் கூட்டிவர வேண்டும். இடைத்தரகர் எங்கேயும் போகவில்லை. முன்பு காதில் பேனா சொருகியிருந்தார், இப்போது சட்டைப் பையில் இரண்டு போனும் ஒரு பவர் பேங்கும் வைத்திருக்கிறார். மாற்றம் நடந்தது உண்மைதான், ஆனால் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் நடக்கவில்லை.

நான் நண்டும் கணவாயும் வாங்கி அனுப்புகிற ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். பெயர் வேண்டாம். நான் சேர்ந்த புதிதில் எங்களுக்குப் பாம்பன், தங்கச்சிமடம், தேவிபட்டினம், தொண்டி, ஏர்வாடி என்று கரைக்கு ஒரு சம்பள ஆள் இருந்தார். சரக்கை எடை போட்டு ஐஸ் வைத்து ஏற்றுவது பாதி வேலை, மீதி வேலை விசாரிப்பது. எந்த வள்ளத்தில், அதாவது நாட்டுப் படகில், என்ன வந்தது, எதிர்க் கம்பெனிக்காரன் கணவாய்க்கு என்ன விலை போட்டான், நாளைக்கு எத்தனை பேர் கடலுக்குப் போகிறார்கள், இதெல்லாம் சாயங்காலம் எஸ்டிடி பூத்திலிருந்து ஆபீசுக்கு வரும். உண்மையில் கம்பெனி சம்பளம் கொடுத்தது அந்த விசாரிப்புக்குத்தான்.

1937-ல் ரொனால்டு கோஸ் என்ற பொருளாதார அறிஞர் ஒரு கேள்வி கேட்டார். தேவையானதை அன்றன்றைக்குச் சந்தையில் வாங்கிக்கொள்ளலாமே, எதற்காகக் கம்பெனி என்று ஒன்றை வைத்து ஆட்களுக்கு மாதச் சம்பளம் கொடுக்கிறார்கள்? விலையைத் தேடிக் கண்டுபிடிக்க, பேரம் பேச, ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒப்பந்தம் போட ஆகிற செலவைவிட ஆளை வைத்துக்கொள்வது மலிவு, அதனால்தான் என்றார். 1991-ல் நோபல் பரிசும் வாங்கினார். அவர் சொன்னதைத் திருப்பிப் பார்த்தால் எங்கள் கரையின் கதை வந்துவிடுகிறது. விசாரிக்கிற செலவு குறைந்தால் ஆளை வைத்துக்கொள்ளத் தேவையில்லை.

அதுதான் நடந்தது. வாட்ஸ்அப் குரூப்பில் ஒவ்வொரு கரையின் விலையும் ஏலம் முடிவதற்குள் போட்டோவோடு வந்து விழ ஆரம்பித்தது. அப்புறம் ஒவ்வொருவராகச் சம்பளத்திலிருந்து கமிஷனுக்கு மாறினார்கள். அதே ஆள், அதே பைக், அதே தராசு, பெட்ரோல் மட்டும் அவருடையது. கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கு. தீபாவளி போனஸ் கிடையாது, பிஎஃப் கிடையாது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வரும் இல்லையா, அந்த இரண்டு மாதமும் முன்பு சம்பளம் போனது. இப்போது அந்த நாட்களில் தடை இல்லாத வள்ளத்துச் சரக்கு எவ்வளவு கிடைக்கிறதோ அதற்குத்தான் காசு. நியாயமாகச் சொன்னால், இதில் பிழைத்துக்கொண்டவர்களும் உண்டு. ஓர் இளவட்டம் ஒரே நேரத்தில் மூன்று கம்பெனிக்குச் சரக்கு எடுத்துக் கார் வாங்கிவிட்டான். ஆனால் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த ஓட்டம் வரவில்லை, சிலர் கரைப் பக்கமே வருவதில்லை.

சரி, மீன் பிடிக்கிறவருக்கு என்ன ஆச்சு? இதில்தான் எல்லாரும் கேரளாவைக் காட்டுவார்கள். வட கேரளக் கரையில் 1997-க்கும் 2001-க்கும் இடையில் செல்போன் கோபுரங்கள் வந்தபோது மத்தி பிடிக்கிறவர்களுக்கு என்ன ஆனது என்று ராபர்ட் ஜென்சன் என்பவர் ஆராய்ந்து 2007-ல் வெளியிட்டார். கடலில் இருந்தபடியே போன் போட்டு எந்தக் கரையில் ஆள் வாங்குகிறார்கள் என்று கேட்டு அங்கே போனார்கள், விற்காமல் வீணாகிற மீன் இல்லாமல் போனது, லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவர்களுக்கும் விலை 4 சதவீதம் குறைந்தது. நல்ல ஆய்வு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கணக்கு பலிக்க ஒரு விஷயம் வேண்டும். நல்ல விலை எங்கே என்று தெரிந்தவுடன் படகைத் திருப்ப முடிய வேண்டும்.

இங்கே படகுச் சொந்தக்காரர்களான பல சம்மாட்டிகளால் திருப்ப முடியாது. எஞ்சின் வாங்க, வலை வாங்க, மகள் கல்யாணத்துக்கு என்று கம்பெனியிடமோ வியாபாரியிடமோ அட்வான்ஸ் வாங்கியிருப்பார்கள். அட்வான்ஸ் இருக்கிறவரை சரக்கு அங்கேதான் போக வேண்டும், விலையும் ஏல விலை இல்லை, அதற்குச் சில ரூபாய் கீழே. தொண்டியில் என்ன விலை என்று பாம்பன்காரருக்குக் கையிலேயே தெரிகிறது, தெரிந்து என்ன செய்ய? (தனுஷ்கோடிப் பக்கம் போனால் போனில் இலங்கை சிக்னலே விழும், கொழும்பு விலையைக்கூடக் கேட்கலாம்.) ஆக, கம்பெனி தன் பக்கத்துக் கட்டை அவிழ்த்துக்கொண்டது, படகுப் பக்கத்துக் கட்டு அப்படியே இருக்கிறது.

எதுவுமே மாறவில்லை என்று சொல்ல வரவில்லை. எடை போடுகிற இடத்தில் நின்று பார்த்தால் தெரியும். நாங்கள் எழுதித் தருகிற துண்டுச்சீட்டு ஈரக்கையில் நனைந்து, செதில் ஒட்டி, ஐஸ் பெட்டி மூடிமேல் கிடக்கும். முன்பு அது நேராகச் சம்மாட்டி மடியில் போய்விடும். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்து, படகுப் பங்கு போக ஆட்களுக்கு இவ்வளவு என்று அவர் சொல்வதுதான் கணக்கு. இப்போது சீட்டின்மேல் படகு ஆட்களின் மூன்று போன் நீளும், போட்டோ எடுத்துவிட்டுத்தான் விடுவார்கள். ஜிபே வந்த பிறகு பங்கு எவ்வளவு, எந்தத் தேதியில் வந்தது என்பதும் போனில் கிடக்கிறது. டீக்கடையில் பக்கத்துப் படகோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஐஸ் எத்தனை கட்டி என்று சம்மாட்டியை எதிர்த்துக் கேட்கிற ஆளை நான் பழைய காலத்தில் பார்த்ததில்லை.

ஆபீசிலும் ஆட்கள் மாறிவிட்டார்கள். ஐரோப்பாவுக்குக் கணவாய் போக வேண்டுமென்றால் 2010 ஜனவரியிலிருந்து எந்தப் படகு பிடித்தது என்ற சான்று வேண்டும், அதை இங்கே எம்பீடா என்கிற கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம் சரிபார்த்துத் தருகிறது. படகு நம்பர், தேதி, எடை எல்லாம் ஏற்றுவதற்குக் காலேஜ் முடித்த இரண்டு பெண்கள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கிறார்கள், பழைய கணக்கப்பிள்ளை உட்கார்ந்த அதே மேஜைதான். ஓனர் சென்னையிலிருந்து கேமராவில் பார்க்கிறார். நண்டு உரிக்கிற ஷெட்டில் திடீரென்று சுவரிலிருந்து குரல் வரும், "மூணாவது டேபிள், என்னம்மா பேச்சு?" உரிக்கிற பெண்களுக்குக் கிலோவுக்குத்தான் கூலி, பேசினால் நஷ்டம் அவர்களுக்கு, அதைக் கேமராவுக்கு யார் சொல்வது. சூப்பர்வைசர் அக்கா அந்தக் குரல் வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இவ்வளவு கம்ப்யூட்டர் இருந்தும் ஒன்று மட்டும் அதில் ஏறவில்லை. அட்வான்ஸ் கணக்கு. அது இன்னும் சிவப்பு அட்டை போட்ட நோட்டில், மேனேஜர் டிராயரில், பூட்டுக்குள் இருக்கிறது. ஏற்றிவிடலாமே என்று நான் கேட்டதற்கு, "அது எதுக்கு, நோட்டே இருக்கட்டும்" என்றார்கள். எதற்கு என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

போன மாதம் ஒரு சம்மாட்டி மகளோடு வந்தார். அந்தப் பெண் அப்பாவின் துண்டுச்சீட்டு போட்டோக்களையெல்லாம் சேர்த்து, எந்தத் தேதியில் அட்வான்ஸுக்கு எவ்வளவு பிடித்தம் செய்தோம் என்று போனிலேயே எக்செல் போட்டு வைத்திருந்தாள். "அங்கிள், உங்க நோட்டையும் எடுங்க, பார்ப்போம்" என்றாள். மேனேஜர் கொஞ்ச நேரம் வேறு வேலை இருக்கிற மாதிரி காட்டிவிட்டு, கடைசியில் டிராயரைத் திறந்தார். வரி வரியாகப் பார்த்தார்கள். இரண்டு இடத்தில் பிடித்த காசை நோட்டில் கழிக்கவே இல்லை, பாக்கி அப்படியே நின்றது. அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார்.

அதற்கப்புறம் அந்தத் தெருவில் இன்னும் சில சம்மாட்டிகள் தங்கள் சீட்டுகளையும் அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். மாதத்துக்கு இவ்வளவு என்று காசு கேட்கிறாளாம். கேட்க வேண்டியதுதானே.