போட்டுப் பார்க்க முடியாத சாமான்

"போட்டுப் பாக்கலாமா தம்பி?"

"சாக்ஸ் போட்டுப் பாக்க முடியாதுங்கய்யா. பிரிச்சா திரும்ப எடுக்க மாட்டோம்."

கேட்டவர் ஒரு பெரியவர், பதில் சொன்னது கடையில் விற்கிற நான். போட்டுப் பார்ப்பதைப் பற்றிய பேச்சு அவ்வளவுதான். மகனுக்குப் போலீஸ் செலக்‌ஷன். ஒரு வாரத்தில் ஓட்டம், 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்கள். பையன் காலில் செருப்பு. ஓடுகிற ஷூ வீட்டில் இருந்தது.

நான் சொன்ன விதி தப்பில்லை. ஒருவர் காலில் ஏறிய சாக்ஸை அடுத்தவருக்கு விற்றால் சேற்றுப்புண்ணையும் சேர்த்து விற்றதாக ஆகிவிடும். ஆனால் ஷூவைப் போட்டு நடந்து பார்த்து வாங்குகிறோம், அதற்குள் போகிற துணியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறோம். இது மட்டும் இன்னும் உறுத்துகிறது.

பெரியவர் கையில் எடுத்து வைத்திருந்தது மூன்று ஜோடி பருத்தி, 150 ரூபாய். அது வேண்டாம் என்றேன். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. பருத்தி வேர்வையைக் குடிக்கும், லேசில் விடாது. சித்திரை வெயிலில் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நாலு சுற்று ஓடினாலே உள்ளங்கால் நசநசத்துவிடும். ஈரத் துணி ஈரத் தோலைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு அடிக்கும் மேல்தோல் துணியோடு நிற்க, உள்ளே எலும்பு முன்னும் பின்னும் நகரும். அந்த இழுபறியில்தான் தோலுக்குள் அடுக்கு விட்டுப்போய் நீர் கோக்கிறது. பாலியஸ்டரும் நைலானும் நூலுக்குள் நீரை அவ்வளவாக வாங்காது. ஈரத்தை வெளிப்பக்கம் கடத்திவிடும், சீக்கிரம் காயும்.

அதனால் 390 ரூபாய் ஜோடியை எடுத்துக் கொடுத்தேன். பாலியஸ்டர், நைலான், கொஞ்சம் எலாஸ்டேன் என்கிற இழுபடும் நூல். நல்ல சரக்கு. விரல் முனைத் தையல் தட்டை. சாக்ஸை உள்பக்கம் திருப்பி அந்தத் தையலை நகத்தால் வருடிப் பார்த்தால் தெரியும். நகம் தடுக்கினால் ஓடும்போது சுண்டுவிரலும் தடுக்கும். குதிகாலுக்குத் தனியாகக் குழி பின்னியிருந்தது. அது இல்லாத குழாய் மாதிரி சாக்ஸ் நழுவி ஷூவுக்குள் சுருண்டுகொள்ளும், அந்தச் சுருக்கத்தில்தான் முதல் கொப்புளம் வரும். பாதத்தின் நடுவில் இறுக்கிப் பிடிக்கிற பட்டையும் இருந்தது. "அன்னைக்குப் புதுசா போடாத, நாளையிலேர்ந்தே போட்டுப் பழகு. துவைக்கும்போது உள்பக்கம் திருப்பிப் போடு, கம்ஃபர்ட் ஊத்தாத, நிழல்ல காயவை" என்று பையனிடம் சொன்னேன். எலாஸ்டேன் சூட்டில் செத்துப்போகும். வாசனைத் திரவம் நூலில் மெழுகுபோல் படிந்தால் வேர்வை கடத்துவது நின்றுவிடும். இதெல்லாம் சரியாகத்தான் சொன்னேன்.

கேட்காமல் விட்டது ஒன்று. அந்த ஜோடியில் குதிகாலிலும் விரல்பக்கமும் பூத்துண்டு மாதிரி வளையம் வளையமாக மெத்தை இருந்தது. மெத்தை ஷூவுக்குள் இடம் பிடிக்கும். அரை சைஸ் சின்ன ஷூ போட்ட மாதிரி ஆகிவிடும். "ஷூ என்ன சைஸ்?" என்று கேட்டேன். 8 என்றான். பாக்கெட்டில் 7–10. நம்பரும் நம்பரும் பொருந்திவிட்டது. "விரலுக்கு முன்னாடி ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்காடா?" என்று கேட்டிருந்தால், மெத்தையில்லாத மெல்லிசு ஜோடியைத்தான் எடுத்திருப்பேன். அது பக்கத்துக் கொக்கியிலேயே தொங்கியது, 280 ரூபாய். விலை பார்த்து விற்றேனா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். மெத்தை இருந்தால் காலுக்கு நல்லது என்று அன்றைக்கு நிஜமாகவே நம்பினேன்.

இரண்டு வாரம் கழித்துப் பையன் கூட்டாளி ஒருவனோடு வந்தான். "ஓடிட்டேண்ணே!" முகமெல்லாம் சிரிப்பு. காலைப் பார்த்தேன். வலது பெருவிரல் நகம் பாதிக்கு மேல் கறுத்து, ஓரம் தூக்கி நின்றது. விரல் ஷூ முனையில் திரும்பத் திரும்ப இடித்தால் நகத்துக்கடியில் ரத்தம் கட்டி இப்படித்தான் ஆகும். லேஸைத் தளர்த்திக் கட்டினாலும் கால் முன்னால் சரிந்து இதே மாதிரி இடிக்கும். ஷூவே சின்னதாக இருந்திருக்கலாம். சாக்ஸ்தான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

"வலிக்கலையாடா?"

"பயிற்சியில வலிச்சுச்சுண்ணே. ஆனா கொப்புளமே வரல, செம சாக்ஸு. இவனுக்கும் அதே குடுங்க."

முதலாளியிடம் சொன்னபோது, "பாஸாயிட்டான்ல, அப்புறம் என்னப்பா" என்றார். அதுவும் நியாயமாகத்தான் படுகிறது. பருத்தியோடு போயிருந்தால் கொப்புளம் உடைந்து பாதியில் நின்றிருப்பானோ என்னவோ.

இப்போது ஒரு பழைய ஷூவையும், மெல்லிசில் ஒன்று மெத்தையில் ஒன்று என்று சாம்பிள் சாக்ஸையும் கவுன்டருக்கடியில் வைத்திருக்கிறேன். ஷூவுக்குள் கையை விடச் சொல்லி இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டினால், இடம் எவ்வளவு போகிறது என்று வாங்குகிறவர்களுக்கே தெரிகிறது. அன்றைக்கு அது இல்லை. கூட்டாளியும் செருப்பில்தான் வந்திருந்தான். ஷூவைக் கொண்டுவாடா, பார்த்துத் தருகிறேன் என்றேன். மெல்லிசு ஜோடியையும் எடுத்துக் காட்டினேன். அவன் அதைத் தொடவேயில்லை. பாஸான கூட்டாளி போட்டதுதான் வேண்டும் என்று 390 ரூபாயை எண்ணி வைத்தான்.