எரிபொருள் சென்சார் பழுது: கனரக இயந்திர மெக்கானிக் செய்முறைத் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு

தேர்வு முடிவு வந்துவிட்டது, தேறிவிட்டேன். நிம்மதியாக இருந்தாலும் கொஞ்சம் எரிச்சலும் இருக்கிறது. ஹைட்ராலிக் பம்ப், கன்ட்ரோல் வால்வ், டர்போ, இன்ஜெக்டர் என்று பெரிய பாகங்களையே மாதக்கணக்கில் உருப்போட்டுக்கொண்டு வந்தவர்களை இம்முறை கவிழ்த்தது, டேங்கின் மேல் சில திருகுகளோடு உட்கார்ந்திருக்கும் எரிபொருள் மட்ட சென்சார். எழுத்துத் தேர்வைப் பற்றிச் சொல்ல என்னிடம் புதிதாக ஒன்றும் இல்லை. செய்முறையில் மின்பழுது கண்டறியும் பகுதியும் மாற்றுப் பாகம் தேர்ந்தெடுக்கும் பகுதியும் எப்படி நடந்தன, எதற்கு மதிப்பெண் விழுந்தது என்பதை மட்டும், நினைவு மங்குவதற்குள் எழுதிவைக்கிறேன்.

தேர்வாளர்களுக்கு இந்தச் சென்சார் ஏன் பிடித்துப்போனது என்பது யோசித்தால் விளங்கும். கனெக்டரின் ஒரு பின்னை உள்ளே தள்ளிவிட்டாலோ, எர்த் வயரின் முனை வளையத்தின் அடியில் பெயின்ட் பூசிவிட்டாலோ போதும், பழுது தயார், இயந்திரத்துக்கும் சேதமில்லை. அதைவிட முக்கியமான காரணம், எரிபொருள் கேஜ் தப்பாகக் காட்டினால் சென்சாரை மாற்றிவிடலாம் என்ற பணிமனைப் பழக்கம் நம்மில் பலரிடம் ஊறிப்போயிருப்பதுதான். மதிப்பெண் தாளில் ஒவ்வொரு படிக்கும் தனித்தனி மதிப்பெண் இருக்கிறது. நேராகச் சென்சாரைக் கழற்றப் போகிறவர், அதிர்ஷ்டத்தால் பழுதைச் சரிசெய்துவிட்டாலும், முதல் பாதி மதிப்பெண்களை அங்கேயே விட்டுவிடுகிறார்.

ஆகவே நான் வேறு எதையும் சொல்லாமல் இந்த ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினாலும் போதுமானது என்று நினைக்கிறேன்: டேங்கின் மேல் ஸ்பேனர் வைப்பதற்கு முன் சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, கேஜ் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்; பிறகு ஹார்னஸ் (இயந்திரத்தின் வயர் கட்டு) பக்கத்தில் சிக்னல் வயரையும் எர்த்தையும் இணைத்து, கேஜ் எதிர்ப்பக்கம் போகிறதா என்று பாருங்கள். இரண்டு எல்லைகளுக்கும் கேஜ் போய்வந்தால் வயரிங்கும் கேஜும் நன்றாக இருக்கின்றன, பழுது சென்சாரிலோ கனெக்டரின் சென்சார் பக்கத்திலோ சென்சாரின் சொந்த எர்த்திலோ இருக்கிறது. கேஜ் அசையவே இல்லையென்றால் டேங்கைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைச் சென்சாரின் வகையை வைத்து முன்கூட்டியே சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். காலி டேங்கில் 240 ஓமும் நிரம்பிய டேங்கில் 33 ஓமும் காட்டும் வகையில், கனெக்டரைக் கழற்றினால் மின்தடை எல்லையற்றதாகி முள் காலிக்குக் கீழே விழும், எர்த் செய்தால் நிறைவைத் தாண்டும். காலியில் 10, நிறைவில் 180 என்று எதிர்த்திசையில் ஓடும் வகையில் எல்லாம் தலைகீழ்: கனெக்டரைக் கழற்றியதும் டேங்க் நிறைந்ததாகக் காட்டும். என்னிடம் கேட்கப்பட்ட முதல் வாய்மொழிக் கேள்வியே இதுதான். "கழற்றுவதற்கு முன்னால் சொல்லுங்கள், முள் எங்கே போகும்?" என்றார் தேர்வாளர். சொல்லிவிட்டுக் கழற்றினேன், சில நொடிகள் கழித்துத்தான் முள் நகரத் தொடங்கியது. டேங்கில் எரிபொருள் அலையும்போது முள் ஆடாமல் இருப்பதற்காக இந்தக் கேஜ்களை வேண்டுமென்றே மந்தமாக வைத்திருக்கிறார்கள் என்பதால், அவசரப்பட்டு "கேஜ் வேலை செய்யவில்லை" என்று எழுதிவிடக் கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். மேலே சொன்ன முறை மின்தடை மாறும் வகைச் சென்சாருக்கு மட்டுமே பொருந்தும். மூன்று வயர் இருந்தால் பெரும்பாலும் அது 5 வோல்ட் சப்ளையும் எர்த்தும் சிக்னலும் கொண்ட மின்னணுச் சென்சார். அதில் முதலில் சப்ளையையும் எர்த்தையும் அளந்துவிட்டுத்தான் சிக்னலுக்கு வர வேண்டும். தெரியாமல் 5 வோல்ட் வயரை எர்த் செய்தால், அதே சப்ளையைப் பகிர்ந்துகொள்ளும் மற்ற சென்சார்களும் படுத்துவிடும், திரையில் ஃபால்ட் கோடுகள் (பழுதுக் குறியீடுகள்) வரிசைகட்டும். வயரை எண்ணுவதும் சர்க்யூட் வரைபடத்தைப் பார்ப்பதும்தான் முதல் வேலை.

ஃபால்ட் கோடுகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்வது வீண் என்பது என் கருத்து. கனரக வாகனங்களின் கன்ட்ரோலர்கள் தகவல் பரிமாறும் ஜே1939 நெறிமுறையில் எரிபொருள் மட்டத்துக்கு எஸ்பிஎன் (எந்த அளவு என்பதைக் குறிக்கும் எண்) 96 என்பதையும், எஃப்எம்ஐ (பழுதின் வகையைக் குறிக்கும் எண்) 3 மின்னழுத்தம் அளவுக்கு மேல், 4 அளவுக்குக் கீழ், 5 சுற்று அறுந்திருக்கிறது அல்லது மின்னோட்டம் குறைவு, 2 தாறுமாறான அளவு என்பதையும் தெரிந்துவைத்திருந்தால் போதும். கோடு ஒரு சுற்றின் நிலையைச் சொல்கிறதே ஒழிய எந்தப் பாகம் கெட்டது என்று சொல்வதில்லை. எஃப்எம்ஐ 3 நிற்கும்போது சிக்னலை எர்த் செய்து பார்த்தால் கோடு எஃப்எம்ஐ 4 ஆக மாற வேண்டும். மாறினால் கன்ட்ரோலர் (மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி) முதல் கனெக்டர் வரை எல்லாம் சரி. அதே தந்திரம்தான், கேஜுக்குப் பதிலாகக் கோடு சாட்சி சொல்கிறது.

கணக்கும் கேட்டார்கள். கன்ட்ரோலருக்குள் 5 வோல்ட்டிலிருந்து 240 ஓம் வழியாகச் சிக்னல் வயருக்கு மின்சாரம் வருகிறது, சென்சார் 240–33 வகை என்று வைத்துக்கொண்டால், காலி டேங்கில் சிக்னல் 2.5 வோல்ட், நிறைவில் ஏறத்தாழ 0.6 வோல்ட், கனெக்டர் கழன்றால் முழு 5 வோல்ட். பாதி டேங்குக்கு நடுமதிப்பை எடுத்து 136 ஓம் என்று எழுதுகிறவர்கள் அதிகம். இந்த வகையில் பாதிக்கு ஏறத்தாழ 103 ஓம்தான், சிக்னல் 1.5 வோல்ட். ஒரு முறை கையால் போட்டுப் பார்த்தால் மறக்காது.

இனி எனக்கு வந்த பழுது. மட்டம் பார்க்கும் சைட் கிளாஸில் டேங்க் நிரம்பியிருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, கேஜ் பாதியில் நிற்கிறது. கனெக்டரைக் கழற்றினால் காலி, எர்த் செய்தால் நிறைவு; ஆகவே கேஜும் வயரிங்கும் சரி. சென்சாரின் இரண்டு முனைகளுக்கு இடையே அளந்தால் 33 ஓம், அதுவும் சரி. எனக்கு முன்னால் இருந்தவர் இந்த இடத்தில்தான் புதுச் சென்சார் கேட்டிருக்கிறார் என்று பின்னால் தெரிந்தது. சென்சார் சரி, வயரிங் சரி, ஆனால் இரண்டும் சேர்ந்தால் தப்பு என்றால் மிச்சமிருப்பது எர்த் மட்டுமே. கனெக்டரைத் திரும்பப் பொருத்தி, சாவியைத் திருப்பி, மல்டிமீட்டரின் ஒரு முனையைச் சென்சாரின் உடலிலும் மறு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் வைத்தேன். ஒரு வோல்ட் அளவுக்குக் காட்டியது. ஃப்ளேஞ்சில் (சென்சாரை டேங்கோடு இணைக்கும் தட்டு) எர்த் வளையத்தை இறுக்கும் திருகைத் தளர்த்தினால், அடியில் மஞ்சள் பெயின்ட் வழவழவென்று முழு வட்டமாக இருந்தது, உலோகம் ஒரு பொட்டுக்கூடத் தெரியவில்லை.

இந்த ஒரு வோல்ட்டை விளக்கச் சொன்னபோது மேலே சொன்ன கணக்கு கைகொடுத்தது. எர்த் வழியில் 70 ஓம் கூடுதலாகச் சேர்ந்தால் 33 ஓம் 103 ஆகிவிடும், நிரம்பிய டேங்க் பாதியாகத் தெரியும். அந்தச் சுற்றில் ஓடும் மின்னோட்டம் 15 மில்லிஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. 70 ஓமில் அது ஏறக்குறைய ஒரு வோல்ட்டைத் தின்றுவிடுகிறது. எர்த்தில் 0.1 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் இவ்வளவு சிறிய மின்னோட்டத்தில் அந்த 0.1 வோல்ட்கூட 5, 6 ஓம் மின்தடைக்குச் சமம் என்பதைச் சேர்த்துச் சொன்னால் தேர்வாளரின் முகம் மலர்கிறது.

இதே பழுது 10–180 வகையில் வந்தால் விளைவு வேறு. அங்கே கூடுதல் மின்தடை, டேங்கில் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். ஓட்டுநர் கேஜை நம்பி ஓட்டுவார், இயந்திரம் வேலையின் நடுவில் எரிபொருள் தீர்ந்து நிற்கும், டீசல் எஞ்சின் என்பதால் மறுபடி நிரப்பியபின் எரிபொருள் குழாய்களில் புகுந்த காற்றை எடுக்கும் வேலையும் சேரும். எந்தப் பக்கம் தப்பாகக் காட்டினால் ஆபத்து என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

மாற்றுப் பாகம் தேர்ந்தெடுக்கும் மேசையில், பார்ப்பதற்கு ஒரே மாதிரியான சென்சார்களைப் பரப்பிவைத்திருந்தார்கள். அங்கே நான் பார்த்த வரிசை இது.

– இயந்திரத்தின் சீரியல் நம்பர் இல்லாமல் பார்ட் நம்பரைத் தேடக் கூடாது. ஒரே மாடலிலும் நடுவில் டேங்க் மாறியிருக்கும்.
– பழைய பார்ட் நம்பர் புதிய நம்பரால் மாற்றப்பட்டிருக்கிறதா என்று கேட்லாக்கில் பார்க்க வேண்டும்.
– ஓம் எல்லையை மீட்டரில் அளந்து உறுதிசெய்ய வேண்டும், பெட்டியில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பக் கூடாது.
– குழாய் வடிவ ரீட் சுவிட்ச் (மிதவையிலுள்ள காந்தத்தால் இயங்கும் சிறு சுவிட்சுகள்) வகையில் நீளமே முதல் கேள்வி. குட்டையானது டேங்கின் அடிப்பகுதியைக் காணாது, நெட்டையானது அடியில் முட்டும்.
– கனெக்டரில் பின்களின் எண்ணிக்கையோடு எந்தப் பின் எது என்பதும் ஒத்துப்போக வேண்டும்.
– கேஸ்கெட்டைப் புதிதாக எடுக்க வேண்டும். அது டீசலைத் தாங்கும் ரப்பராக இருக்க வேண்டும்.

ஐந்து துளை ஃப்ளேஞ்சில் துளைகள் சம இடைவெளியில் இருப்பதில்லை. சென்சார் ஒரே திசையில்தான் உட்கார வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. திசை மாறினால் மிதவைக் கை டேங்கின் உள்தடுப்பில் இடிக்கும். பொருத்துவதற்கு முன் கையை மேலிருந்து கீழ் வரை மெதுவாக ஓட்டி, மீட்டரில் ஓம் எங்கும் துள்ளாமல் மாறுகிறதா என்று பார்ப்பதற்குத் தனி மதிப்பெண் உண்டு. ரீட் சுவிட்ச் வகையில் அளவு படிப்படியாகத் தாவுவது இயல்பு. அதைப் பழுது என்று எழுதிவிடாதீர்கள். பழைய சென்சாரைக் கழற்றியதும் மிதவையைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே டீசல் புகுந்திருந்தால் சலசலக்கும், அப்படிப்பட்ட மிதவை மூழ்கிக் கிடந்து எப்போதும் காலி என்றே காட்டும்.

கழற்றுவதற்கு முன் ஃப்ளேஞ்சைச் சுற்றித் துடைப்பதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். காமன் ரெயில் எஞ்சினில் 2000 பார் அளவு அழுத்தத்தில் வேலை செய்யும் இன்ஜெக்டருக்குள் மண் துகள் போனால் என்ன ஆகும் என்று கேட்டு, துடைக்காமல் கழற்றப் போனவரை அங்கேயே நிறுத்திவைத்தார்கள். மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுவது, தீயணைப்பான் பக்கத்தில் இருப்பது, இயந்திரத்தைச் சமதளத்தில் நிறுத்துவது ஆகியவை உங்களுக்குத் தெரிந்தவைதான்.

நான் நிதானமாக வேலை செய்கிற ஆள். அளப்பதற்கு முன்னால் காகிதத்தில் மூன்று பத்தி கோடு போட்டு, எங்கே அளக்கிறேன், எவ்வளவு எதிர்பார்க்கிறேன், எவ்வளவு வந்தது என்று எழுதிக்கொண்டே போனேன். கைவேகம் உள்ளவர்களுக்கு இது சலிப்பாக இருக்கலாம். இருந்தாலும் எதிர்பார்த்த அளவை முன்னால் எழுதாமல் மீட்டரைப் பார்த்தால், மீட்டர் எதைக் காட்டினாலும் அது சரியாகவே தோன்றும். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, வயரின் சொந்த மின்தடையைக் குறித்துக்கொள்வதும் அந்தக் காகிதத்தின் முதல் வரி. ஓம் அளக்கும்போது சுற்றில் மின்சாரம் இருக்கக் கூடாது.

வாய்மொழியில் கடைசியாக, எரிபொருள் கேஜோடு சேர்ந்து வெப்பநிலைக் கேஜும் ஆயில் அழுத்தமும் ஒரே நேரத்தில் செத்துப்போனால் எங்கே போவீர்கள் என்று கேட்டார்கள். டேங்க் பக்கமே போகக் கூடாது. பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, ஒன்பது பின் கொண்ட டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் கேஜ்களுக்குத் தகவல் கொண்டுவரும் பொதுவான வயர் இணையின் சி, டி பின்களுக்கு நடுவே ஓம் அளக்க வேண்டும். அந்த வயர் இணையின் இரு முனைகளிலும் உள்ள 120 ஓம் மின்தடைகள் இணையாக இருப்பதால் 60 வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை அறுந்திருக்கிறது. அதன்பின் பழுதுபார்ப்பு அறிக்கை எழுதச் சொன்னார்கள். பழைய அளவு, புதிய அளவு, கோடு அழித்தபின் மீண்டும் வரவில்லை என்பது, காலிக்கு அருகிலும் நிறைவுக்கு அருகிலும் கேஜைச் சரிபார்த்தது ஆகிய நான்கையும் எழுதினால் முழு மதிப்பெண். "சரிசெய்யப்பட்டது" என்று ஒரே வரியில் முடித்தவர்களுக்குப் பாதிதான் கிடைத்தது.