வினைமுற்று வரும் வரை

முந்தாநாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் காது இரைந்துகொண்டே இருந்தது. பேச்சாளர் ஒருவர் பேசத் தொடங்கும் முன் ஒலிவாங்கியை விரலால் இரண்டு தரம் தட்டிப் பார்த்தார். மண்டபத்துக்கு அது சின்னச் சத்தம். ஹெட்செட்டோடு உரைபெயர்ப்பாளரின் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த எனக்குக் காதுக்குள்ளேயே கதவை அறைந்தது போல இருந்தது.

கொழும்பில் 11 வருடங்களாகச் சமகால உரைபெயர்ப்பு செய்கிறேன். சிங்களம், தமிழ், ஆங்கிலம். எழுதுகிறவர் மொழிபெயர்ப்பாளர், அவருக்கு அகராதியைப் புரட்ட நேரம் உண்டு, அழித்து எழுத இடம் உண்டு. பேச்சாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே பேச வேண்டியவர் உரைபெயர்ப்பாளர். வாயிலிருந்து போனது போனதுதான்.

நான் பதுளைக்காரி. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடிச் சிங்களம் படித்தேன். சிங்களமும் தமிழும் வாக்கியத்தைக் கட்டும் விதம் கிட்டத்தட்ட ஒன்று. இரண்டிலும் வினை கடைசியில்தான் வரும். இரண்டு மூன்று சொல் பின்னால் நடந்து போனால் போதும். ஆங்கிலம் வந்தால் எல்லாம் தலைகீழ். ஆங்கிலத்தில் 'இல்லை' முன்னாலேயே வந்துவிடும். அதை வாக்கியம் முடியும் வரை மனதில் பிடித்துக்கொண்டே தமிழில் பேச வேண்டும். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது கஷ்டம் வேறு மாதிரி.

முல்லைத்தீவில் ஒரு காணிக் கூட்டம். வயதான அம்மா ஒருவர் எழுந்து, "எங்கட காணியை விட்டுக்குடுக்க நாங்கள் ஒருநாளும் சம்மதிக்க..." என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினார். அடுத்து 'மாட்டம்' என்றுதான் வரும் என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவர் சொல்லாததை நான் சொல்லக்கூடாது. "எங்கள் காணி, அதை விட்டுக்கொடுக்கும் விஷயம்" என்று ஆங்கிலத்தில் இழுத்துவிட்டு நின்றேன். ஹெட்செட் போட்டிருந்தவர்கள் கருவி பழுதோ என்று கூண்டைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு 'மாட்டம்' என்றார். நானும் முடித்தேன்.

அன்றே இன்னொருவர் "இரண்டு பரப்பு" என்றார். வடக்கில் எல்லாருக்கும் விளங்கும் காணி அளவு. சிங்களத்தில் கேட்டுக்கொண்டிருந்த உத்தியோகத்தருக்கு அது வெறும் சத்தம். ஒரு பரப்பு 10 பேர்ச், 16 பரப்பு ஒரு ஏக்கர். "20 பேர்ச்" என்று போட வேண்டும், அதுவும் அவர் அடுத்த வசனத்துக்குப் போவதற்குள். இதனால்தான் ஒரு கூண்டில் இருவர் வேண்டும் என்கிறோம். 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாறுவோம். பேசாமல் இருக்கிறவருக்கும் ஓய்வில்லை. என் கூட்டாளி அக்கா இலக்கங்களை எனக்காகக் குறித்துக்கொண்டே இருப்பார். "இரண்டு மணித்தியாலக் கூட்டம்தானே, ஒருவர் போதாதா?" என்று கேட்கும் ஏற்பாட்டாளர்களுக்கு இப்போது நான் நேரடியாகவே முடியாது என்கிறேன். அரை மணித்தியாலத்துக்கு மேல் போனால் மூளை களைத்துவிடும். பிழை விடுவது நமக்கே தெரியாது. அதுதான் பயம்.

1945இல் நாஜித் தலைவர்கள் மீது தொடங்கிய நியூரம்பேர்க் விசாரணையில் நான்கு மொழிகளில் இந்த வேலை நடந்தது. பேச்சு வேகமானால் உரைபெயர்ப்பாளர் மஞ்சள் விளக்கை எரியவிடலாம். நிறுத்தச் சொல்லச் சிவப்பு விளக்கு. எங்கள் ஹோட்டல் மண்டபங்களில் அப்படி எதுவும் இல்லை. எழுதிக் கொண்டுவந்த உரையை ஒருவர் மூச்சுவிடாமல் வாசித்தால், கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையைக் காட்டுவோம். அவர் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த உரையை முதல்நாளே எங்களுக்கு அனுப்பியிருக்கலாம். தயவுசெய்து அனுப்புங்கள்.

தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதியாயிற்று. ஆனால் ஒரு தாய் தன் மொழியில் பேசியது மேசைக்கு அந்தப் பக்கம் முழுதாகப் போய்ச் சேர்ந்ததா என்பது அந்த நிமிடம் கூண்டுக்குள் இருப்பவரின் கையில்தான் இருக்கிறது.

முதல் வருடம் நான் விட்ட பிழையை இங்கே சொல்ல வேண்டும். ஒரு தாய் "காணாமல் ஆக்கப்பட்ட என்ர மகன்" என்றார். நாங்கள் 'அவர் சொல்கிறார்' என்று சொல்வதில்லை, 'நான்' என்றே பேசுவோம். சிங்களத்தில் 'மகே புதா', என் மகன், என்று சரியாகத் தொடங்கினேன். அப்புறம் 'அதுருதஹன் வூ' என்றேன். அதற்கு 'காணாமல் போன' என்றுதான் அர்த்தம். 'காணாமல் ஆக்கப்பட்ட' என்பதற்கு 'அதுருதஹன் கரன லத' என்றிருக்க வேண்டும். தேநீர் இடைவேளையில் சட்டத்தரணி ஒருவர் வந்து, மெதுவாகத்தான் சொன்னார்: "பிள்ளை, அந்தப் பையன் தானாகப் போகவில்லை." அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு வினையின் வாலில் ஒரு குற்றத்தையே அழித்திருந்தேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ கூட்டங்கள். போன மாதம் ஒன்றில் உபகரணங்களைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா கூண்டடிக்கு வந்தார். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட படம்.

"நீங்களோ என்ர பிள்ளையைப் பற்றிச் சிங்களத்தில சொன்னது?"

"ஓம் அம்மா."

"ஆக்கப்பட்ட எண்டுதானே சொன்னனீங்கள்?"

"ஓம் அம்மா. அப்படித்தான் சொன்னேன்."

"சரி" என்றார். படத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.