வெள்ளையணு 22,000, இரண்டு இரவு அட்மிஷன்

அம்மாவுக்கு லிம்போமா, அதாவது நிணநீர் மண்டலப் புற்றுநோய். ஆர்-சாப் என்ற கூட்டு மருந்துக் கீமோவில் இரண்டாவது சுற்று. மருந்து ஏறியது, வீடு திரும்பியது எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. முதல் சுற்றில் பாக்டீரியாவை எதிர்க்கும் வெள்ளையணுவான நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே போய்விட்டதால், இந்தமுறை மூன்றாம் நாளிலிருந்து தினமும் 300 மைக்ரோகிராம் ஃபில்கிராஸ்டிம், அந்த அணுவைக் கூட்டும் ஊசி. பக்கத்து கிளினிக்கில் போட்டுக்கொண்டோம். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. போட்ட ஊசியை யாரும் ஆஸ்பத்திரி ஃபைலில் ஏற்றவில்லை. நானும் கேட்கவில்லை.

பத்தாம் நாள் ரத்தப் பரிசோதனையில் வெள்ளையணு 22,000, இயல்பைவிட மிக அதிகம். கீழே ஒரு குறிப்பு: முதிராத அணுக்கள் மிகுதி, தொற்று உள்ளதா எனப் பார்க்கவும். அம்மாவுக்குக் காய்ச்சல் இல்லை. இடுப்பெலும்பும் நெஞ்செலும்பும் விண் விண்ணென்று தெறிக்கிறது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். டியூட்டி டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தாரே தவிர அம்மாவைப் பார்க்கவில்லை. "கவுண்ட் ஏற ஊசி போட்டோம் டாக்டர்" என்றேன். "ஃபைல்ல அப்படி எதுவும் இல்லையே" என்றார். அட்மிஷன், ஆன்டிபயாடிக், டிரிப். ஏற்கெனவே நரம்பு கிடைக்காத கை அது. மூன்றாவது முறை குத்திய பிறகுதான் ஊசி நின்றது. அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் வழக்கமாகப் பார்க்கும் புற்றுநோய் மருத்துவர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "கடைசி ஊசி என்னைக்குப் போட்டீங்க?" பரிசோதனைக்கு முந்தின நாள் மாலை என்றேன். உட்கார்ந்து விளக்கினார். தொற்று வந்தால் 'படையை அனுப்பு' என்று ரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜைக்கு உடம்பு ஒரு சமிக்ஞை கொடுக்கும். அதே சமிக்ஞையைத்தான் ஊசியில் அடைத்துத் தருகிறார்கள். கொடுத்தது உடம்பா, மருந்தா என்று மஜ்ஜைக்குத் தெரியாது. முதிர்ந்தது, முதிராதது எல்லாவற்றையும் ரத்தத்தில் இறக்கிவிடும். அதனால் ரத்தம் தொற்று வந்த ரத்தம் மாதிரியே தெரியும். எலும்பு வலியும் அந்த மஜ்ஜை வேலையால்தான். ஊசியை நிறுத்தினால் ஓரிரு நாளில் நியூட்ரோஃபில் பாதியாகக் குறையும் என்றார். அப்படியே குறைந்தது. இரண்டு இரவுக்குப் பிறகு டிஸ்சார்ஜ்.

இன்னொன்றும் சொன்னார், அது எனக்குப் புதிது. 22,000 என்றதும் எதிர்ப்புச் சக்தி நிரம்பிவிட்டது என்றே நினைத்திருந்தேன். அதில் லிம்போசைட் என்ற இன்னொரு வகை வெள்ளையணு வெறும் 2 சதவீதம், அதாவது 440. இந்த ஊசி நியூட்ரோஃபிலைத்தான் ஏற்றும். வைரஸை எதிர்க்கும் லிம்போசைட்டுகளைக் கீமோவின் அடியிலிருந்து மீட்காது. அதோடு, டிஎன்எஃப் என்ற புரதம் போன்ற அழற்சிச் சமிக்ஞைகளை இது ஓரளவு தணிக்கவும் செய்யும். கவுண்ட் ஏறிவிட்டது என்று பார்க்க வருகிறவர்களை உள்ளே விட்டுவிடாதீர்கள் என்றார். நான் விடத் தயாராக இருந்தேன்.

இதையெல்லாம் படித்துவிட்டுக் காய்ச்சலையும் ஊசியின் மேல் போட்டுவிடக் கூடாது. ஒரு தடவை 38.3 டிகிரி செல்சியஸ் காட்டினாலும், 38 ஒரு மணி நேரம் நீடித்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். எலும்பு வலிக்குப் பாராசிட்டமால் கொடுக்குமுன் வெப்பமானி வைத்துப் பாருங்கள். மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும்.

அப்புறம், புற்றுநோய் எங்கே இருக்கிறது என்று ஒளிரவைத்துக் காட்டும் பெட் ஸ்கேன். ஊசி போட்ட கையோடு எடுத்தால் மஜ்ஜை முழுக்க ஒளிர்ந்து, நோய் பரவிவிட்டதோ என்று பதற வைக்கும். குறைந்தது இரண்டு வாரம் தள்ளி நாள் கேளுங்கள். எங்களுக்குக் கொடுத்திருந்த தேதி கடைசி ஊசிக்கு ஆறாம் நாள். நல்லவேளை, போன் செய்து மாற்றிவிட்டேன்.

மூன்றாவது சுற்றில் ஒவ்வொரு ஊசியின் பெயர், அளவு, தேதி, நேரத்தை ஒரு தாளில் எழுதி, கிளினிக்கில் கையெழுத்து வாங்கி, ஃபைலின் முதல் பக்கமாகக் கோத்தேன். இந்தமுறை கவுண்ட் 19,000. வேறொரு டியூட்டி டாக்டர் அந்தத் தாளைப் படித்தார், அம்மாவின் நெஞ்செலும்பை லேசாக அழுத்தி "இங்கதானே வலி?" என்று கேட்டார். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தோம்.