ஹார்ட் ஃபெயிலியர் நோயாளியை வீட்டிலிருந்தே கண்காணிப்பது: நடைமுறையில் தெரிந்துகொண்டவை

ஹார்ட் ஃபெயிலியருக்கு (இதயம் போதுமான அளவு ரத்தத்தைப் பம்ப் செய்ய முடியாத நிலை) அட்மிட் ஆகி வீடு திரும்பியவருக்கு ஸ்மார்ட்வாட்சைவிட முதலில் வாங்க வேண்டியது எடை பார்க்கும் மெஷின். மூச்சு வாங்கத் தொடங்குவதற்குச் சில நாள் முன்பே உடம்பில் நீர் சேர ஆரம்பித்துவிடும். அதைப் பெரும்பாலும் எடைதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

100 கிராம் வித்தியாசம் காட்டும் டிஜிட்டல் மெஷின் போதும். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, காபிக்கு முன்னால், தினமும் ஒரே மாதிரி உடையில் ஏற வேண்டும். மெஷின் வெறும் தரையில் இருக்கட்டும். மிதியடி மேல் வைத்தால் எண் மாறும். 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றே டாக்டருக்குச் சொல்லிவிடுங்கள். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுகிறதா, படுக்கக் கூடுதல் தலையணை தேவைப்படுகிறதா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிரஷர் பார்க்கும் முன் 5 நிமிடம் சாய்ந்து உட்கார வேண்டும். கை நெஞ்சு மட்டத்தில், பேச்சில்லாமல். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஒழுங்கற்ற இதயத் துடிப்பு) இருந்தால் மெஷின் ஒவ்வொரு முறையும் வேறு எண் காட்டும், 3 முறை எடுத்து சராசரி போடுங்கள். விரல் ஜில்லென்றிருந்தாலோ நெயில் பாலிஷ் இருந்தாலோ ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு காட்டும் ஆக்சிமீட்டரை நம்ப முடியாது.

டாக்டருடன் வீடியோ காலுக்கு முன் டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி எக்கோ (இதய ஸ்கேன்), கிரியாட்டினின் (சிறுநீரக வேலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), பொட்டாசியம் ரிப்போர்ட் எல்லாம் கையில் இருக்கட்டும். சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கேமராவில் காட்டுங்கள். மூட்டு வலிக்குக் கடையில் வாங்கிய டைக்ளோஃபெனாக்கை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி, நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ஃப்ரூசமைடு மாத்திரையின் வேலையைக் கெடுப்பது பல சமயம் அதுதான். ஃப்ரூசமைடு அளவைக் கூட்டினால், ரத்தப் பரிசோதனை எந்தத் தேதியில் என்று அதே வீடியோ காலிலேயே கேட்டுவிடுங்கள்.

நெஞ்சுவலி, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல், மயக்கம் என்றால் வீடியோ கால் வேண்டாம், 108. வாட்ச் எடுக்கும் ஒற்றை லீட் ஈசிஜி நார்மல் என்று காட்டினாலும் மாரடைப்பு இல்லை என்றாகாது.

வீட்டிலிருந்து எடை, பிரஷர் எண்களை அனுப்பும் கண்காணிப்புத் திட்டத்தில் பணம் கட்டும் முன், அந்த எண்களை யார் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். 2018இல் வெளியான ஜெர்மானிய டிம்-ஹெச்எஃப்2 ஆய்வில் 24 மணி நேரமும் மருத்துவக் குழு பார்த்தது, பலன் கிடைத்தது. தானியங்கித் தொலைபேசியில் விவரம் பதியச் சொன்ன 2010 அமெரிக்க ஆய்வில் பலன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை எடை ஏறினால் யார் கூப்பிடுவார்கள் என்பதற்குத் தெளிவான பதில் வராத இடத்தில் சேர வேண்டாம்.