பின்னால் நின்று தள்ளும் என்ஜின்

எங்கள் வேலூரைப் பற்றிப் பழைய கேலி ஒன்று உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்துச் சொல்வார்கள். அது பெண்களைப் பற்றியது என்பதால் அதை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. 1981இல் ஜலகண்டேசுவரர் கோட்டைக் கோயிலுக்குள் திரும்பி வந்துவிட்டதால் நான்காவது பொய்யாகிவிட்டது. பாலாற்றில் எப்போதாவது வெள்ளம் வந்து முதலாவதையும் சில நாட்களுக்குப் பொய்யாக்குகிறது. மரமில்லாத மலை மட்டும் சத்துவாச்சாரியில் எங்கள் மொட்டைமாடிக்கு எதிரே, சித்திரை வெயிலில் அடுப்புக்கல் போலக் காய்ந்துகொண்டு அப்படியே நிற்கிறது. ஆகையால் நீலகிரி மலை ரயிலில் ஒரு நாள் போய்வருவது என்று வீட்டில் முடிவானபோது, நானும் கணவரும் மகளும் மரமுள்ள மலையைப் பார்க்கப் போகிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டோம். எங்களுடன் வந்த பெரியப்பாவுக்கு மரமும் மலையும் ஒரு பொருட்டே இல்லை. அவர் பார்க்க வந்தது என்ஜினை.

பெரியப்பா காட்பாடி–விழுப்புரம் மீட்டர் கேஜ் தடத்தில், அதாவது ஒரு மீட்டர் இடைவெளியில் தண்டவாளங்கள் ஓடும் பாதையில், ஃபயர்மேனாக, என்ஜின் நெருப்புக்குக் கரி போடுபவராக வேலை பார்த்தவர். கண்ணமங்கலம், ஆரணி ரோடு, போளூர், திருவண்ணாமலை என்று அந்தத் தடத்தின் நிலையங்களை அவர் இன்றும் வரிசை பிசகாமல் சொல்வார். நான் சிறுமியாக இருந்தபோது வேலூர் கண்டோன்மென்ட் நிலையத்தில் ஒய்.பி. வகைக் கரி என்ஜின் வந்து நிற்கும். அதன் மேலிருந்து கறுத்த முகமும் வெள்ளைப் பற்களுமாக ஒருவர் என்னைப் பெயர் சொல்லி அழைப்பார். அவர்தான் என் பெரியப்பா என்று தோழிகளிடம் சொல்வதில் எனக்கு இருந்த பெருமைக்கு அளவே இல்லை. வேலை முடிந்து வந்தால் அவர் முன்வாசல் வழியாக வீட்டுக்குள் நுழைய முடியாது. கொல்லைப்புறம் சுற்றிவந்து, காக்கிச் சட்டையையும் கால்சட்டையையும் கிணற்றடியில் கழற்றித் தனி வாளியில் போட்ட பிறகுதான் பெரியம்மா உள்ளே விடுவார். அந்த வாளியில் வேறு யாருடைய துணியும் சேரக் கூடாது. பிறகு டீசல் வந்தது. 2010 வாக்கில் அந்தத் தடமே அகலப்பாதையாக மாறியது. எழுபத்தெட்டு வயதில் பெரியப்பா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மீட்டர் கேஜில் நீராவி என்ஜின் இன்னும் ஓடுகிற இடத்துக்கு ஒருமுறை அழைத்துப் போ, பாப்பா.

முதலில் ஐப்பசியில் போவதாக ஏற்பாடு செய்திருந்தோம். வடகிழக்குப் பருவமழையில் அந்த மலைத்தடத்தில் மண்ணும் பாறையும் சரிவது வழக்கம் என்பதை யோசிக்காமல் பயணச்சீட்டு வாங்கியது என் தவறு. பாதையில் மண் சரிந்து ரயில் ரத்தாகி, பணம் திரும்ப வந்தது. மழைக்காலத்தில் போக நினைப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். தை பிறந்த பிறகு மறுபடியும் பதிவு செய்து, ஒரு வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றை நெருங்கும் வேளையில் காட்பாடியில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினோம். பெரியம்மா கட்டிக் கொடுத்த புளியோதரையும், மகள் அடம்பிடித்து வாங்கிய ஆற்காடு மக்கன் பேடா ஒரு பெட்டியும் கைப்பையில் இருந்தன.

பொழுது விடிந்தபோது மேட்டுப்பாளையம் வந்திருந்தது. எதிர்நடைமேடையில் நீலமும் வெண்மஞ்சளுமாகச் சிறிய மரப்பெட்டிகள் நின்றன. சுற்றுலா வந்த கூட்டம் முழுவதும் வண்டியின் முன்பக்கம் ஓடிப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. ஆனால் அங்கே என்ஜின் இல்லை. இந்த ரயிலில் மலை ஏறும்போது என்ஜின் வண்டியின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகிறது. பெட்டிகளை இணைக்கும் கொக்கி ஏதாவது ஓரிடத்தில் அறுந்தாலும் அவை சரிவில் உருண்டோடாமல் என்ஜினின் மீதே சாய்ந்து நிற்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. எங்களுக்குக் கிடைத்த இருக்கைகள் என்ஜினை ஒட்டிய பெட்டியில் இருந்தன. முன்பெட்டி கிடைக்கவில்லையே என்று என் கணவர் வருந்தினார். அதுதான் அன்றைய அதிர்ஷ்டம் என்பது அவருக்குப் புரிய இரண்டு மணி நேரம் ஆயிற்று.

பெரியப்பா நேராக என்ஜினிடம் போனார். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் செய்த எக்ஸ் வகை என்ஜின்கள்தாம் இந்தத் தடத்தின் மூதாதையர். அதே மாதிரியில் திருச்சி பொன்மலைப் பணிமனையும் அண்மைக் காலத்தில் புதிய என்ஜின்களைக் கட்டியிருக்கிறது. அன்று எங்களுக்கு வாய்த்தது எண்ணெயில் எரிவது. கரி இல்லை, மண்வெட்டி இல்லை, வியர்வை சொட்ட ஃபயர்பாக்ஸுக்குள் கரியை வீசும் ஆள் இல்லை. ஃபயர்மேன் ஒரு வால்வைத் திருப்பி நெருப்பைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறார். பெரியப்பாவின் முகம் விழுந்துவிட்டது. “கேஸ் அடுப்பு மாதிரி ஆக்கிவிட்டார்களே” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

7.10 மணிக்கு வண்டி புறப்பட்டது. பவானி ஆற்றுப் பாலத்தைக் கடந்து, பாக்குத் தோப்புகளுக்கு நடுவே கல்லாறு வரையில் அது சாதாரண ரயில் போலவே ஓடுகிறது. கல்லாற்றைத் தாண்டியதும்தான் இந்தத் தடத்தின் உண்மையான வேலை தொடங்குகிறது. அங்கிருந்து குன்னூர் வரை இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில், பற்கள் வெட்டிய இரும்புப் பட்டைகள் இரண்டு ஒட்டினாற்போல் ஓடுகின்றன. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வருமாறு அவை அமைந்திருப்பதால், என்ஜினுக்கு அடியில் உள்ள பல்சக்கரம் எந்தக் கணத்திலும் பிடியை விடுவதில்லை. ஆப்ட் முறை என்று இதற்குப் பெயர். சமவெளியில் 100 மீட்டருக்கு 1 மீட்டர் உயர்ந்தாலே ரயில்காரர்கள் அதை ஏற்றமாகக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள், இங்கே 12.5 மீட்டருக்கு 1 மீட்டர் உயர்கிறது. வழுவழுப்பான சக்கரம் வழுவழுப்பான தண்டவாளத்தில் வழுக்காமல் ஏறக்கூடிய சரிவு அல்ல அது.

பல்பட்டை தொடங்கும் இடத்தில் வண்டி ஏறக்குறைய நடை வேகத்துக்கு இறங்கியது. காலுக்கடியில் ஏதோ ஒன்று மாட்டிக்கொண்டது போல ஓர் அதிர்வு. அதற்கடுத்து என்ஜினின் குரலே மாறிவிட்டது. அதுவரை வெளியே பார்க்காமல் குனிந்து உட்கார்ந்திருந்த பெரியப்பா, தலையைத் தூக்கிக் கையால் எங்கள் எல்லோரையும் அமர்த்தினார். யாரோ கச்சேரியில் ராகத்தை அடையாளம் கண்டுகொண்ட மாதிரி இருந்தது அவர் முகம். “ரெண்டாவது ஜோடி சேர்ந்துவிட்டது” என்றார்.

அவர் விளக்கியதை என் மகளுக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். இந்த என்ஜினுக்கு நான்கு சிலிண்டர்கள். சமதளத்தில் இரண்டு மட்டும் வேலை செய்து சாதாரணச் சக்கரங்களை ஓட்டுகின்றன. பல்பட்டைக்குள் நுழைந்ததும், அந்த இரண்டில் வேலை முடித்து வெளியேறும் நீராவியைக் காற்றில் விட்டுவிடாமல் மற்ற இரண்டு சிலிண்டர்களுக்குள் அனுப்புகிறார்கள். அவை பல்சக்கரத்தைச் சுழற்றுகின்றன. மகள் விழித்தாள். பெரியப்பா சற்று யோசித்து, “உன் பாட்டி ஃபில்டரில் முதல் டிகாக்ஷன் இறக்கிய பிறகு, அதே பொடியில் வெந்நீர் விட்டு ரெண்டாம் டிகாக்ஷன் இறக்குவாள் அல்லவா, அதுதான் கண்ணு” என்றார். நான் பள்ளியில் அறிவியல் நடத்துகிறவள். கூட்டு நீராவி என்ஜினுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

அதன்பிறகு அந்தப் பெட்டியில் பயணம் வேறாகிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே காட்டுமரங்களும் பள்ளத்தாக்கும் தூரத்தில் நூலாக இறங்கும் அருவியும் வந்துகொண்டே இருந்தன; அவற்றை வருணிக்க என்னைவிட வல்லவர்கள் இருக்கிறார்கள். எங்கள் காது முழுவதும் பின்னால் இருந்தது. மணிக்கு சுமார் 13 கிலோமீட்டர் வேகத்தில், ஒவ்வொரு பல்லாகப் பற்றி, முக்கி முனகி மேலே வரும் அந்த ஓசையில் வளைவு வருவதையும் சரிவு கூடுவதையும் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம் என்று பெரியப்பா பந்தயம் கட்டினார். ஏழு முறையில் ஐந்து முறை சரியாகச் சொன்னார். மீதி இரண்டுக்கும் எண்ணெய் அடுப்பையே குற்றம் சொன்னார்.

இந்த 46 கிலோமீட்டர் தடத்தில் 208 வளைவுகளும் 16 குகைகளும் 250 பாலங்களும் இருப்பதாகக் கணக்கு. குகைக்குள் நுழையும்போதெல்லாம் எல்லாப் பெட்டிகளிலிருந்தும் பிள்ளைகள் கத்துவார்கள். முன்பெட்டிக்காரர்களுக்கு வெறும் இருட்டு. எங்களுக்கு இருட்டோடு புகையும் வெக்கையும் கிடைத்தன. மகளின் வெள்ளைச் சட்டையில் கரும்புள்ளிகள் விழுந்ததைப் பார்த்து நான் பதறியபோது, பெரியப்பா தம் சட்டையையும் ஜன்னலை நோக்கி வேண்டுமென்றே நீட்டிக்கொண்டார்.

ஒவ்வொரு பெட்டியின் முனையிலும் ஒரு பிரேக்மேன் நின்றுகொண்டு வருகிறார். டிரைவர் பின்னால் இருப்பதால் அவருக்கு முன்வழி தெரியாது. முன்பெட்டியில் நிற்பவர் பாதையைப் பார்த்துக் கொடியசைக்க, அந்தச் சைகை பெட்டிக்குப் பெட்டி கைமாறி என்ஜினுக்கு வந்து சேர்கிறது. அங்கிருந்து வரும் விசில் ஒலிக்கு ஏற்ப அவர்கள் பிரேக்கைத் திருகுகிறார்கள். நூறாண்டுக்கு முந்தைய இந்த முறை இன்றும் அப்படியே நடக்கிறது. யுனெஸ்கோ 2005இல் இந்தத் தடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றதற்கு மலையழகு காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். கொடியும் விசிலும் பல்சக்கரமும் இன்னும் வேலையில் இருப்பதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

ஹில்குரோவில் என்ஜின் தண்ணீர் குடிக்க வண்டி நின்றது. குரங்குகளுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. மக்கன் பேடாப் பெட்டியை மகள் திறந்த நொடியில் ஒன்று வந்து இரண்டைத் தூக்கிக்கொண்டு கூரைமேல் ஏறிவிட்டது. ஆற்காட்டு நவாபுகளின் காலத்துப் பலகாரம் என்று நாங்கள் பெருமை பேசும் பண்டம், நீலகிரிக் குரங்கின் கன்னத்தில் போனது. புளியோதரையை அது சீந்தவில்லை.

அங்கே நின்றபோது எனக்குத் தோன்றிய ஒன்றை எழுதாமல் விட மனமில்லை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து எங்கள் வாலாஜா ரோடு வரை ஓடியது. அதை ஓட்டியது மெட்ராஸ் ரயில்வே. அதே மெட்ராஸ் ரயில்வேதான் 1899இல் மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதை திறந்தபோது இந்த மலை வண்டியையும் நடத்தியது. இந்த மலைக்கு ரயில் போட வேண்டும் என்ற யோசனை 1854இலேயே எழுந்துவிட்டது. அதாவது, வாலாஜாவுக்கு ரயில் வருவதற்கு முன்பே ஊட்டிக்கு ரயிலைக் கனவு கண்டிருக்கிறார்கள். நம் வறண்ட சமவெளியில் தண்டவாளம் போட மூன்றே ஆண்டு. இந்த மலைக்கு நாற்பத்தைந்து ஆண்டு. இடையில் 1891இல் வேலையைத் தொடங்கிய ஒரு நிறுவனம் பணமின்றிக் கலைந்தும் போயிற்று. உதகை வரை பாதை நீண்டது 1908இல்தான்.

பத்தரை மணியளவில் குன்னூர். அங்கே நீராவி என்ஜினைக் கழற்றிவிட்டு டீசலை மாட்டுகிறார்கள். பெரியப்பா இறங்கிப் போய், டிரைவரிடமும் ஃபயர்மேனிடமும் வெகுநேரம் பேசினார். என்ன பேசினார் என்று கேட்டதற்கு, “தொழில் விஷயம்” என்று சொல்லிவிட்டார். அவருடைய இரண்டு உள்ளங்கைகளும் கறுத்திருந்தன. அந்த ஃபயர்மேன் அவரை எதையோ தொட விட்டிருக்கிறார் என்று மட்டும் ஊகித்தேன்.

அதற்கு மேல் உதகை வரையுள்ள பகுதி அழகானதுதான். கேத்திப் பள்ளத்தாக்கும் லவ்டேலின் யூகலிப்டஸ் காடும் பார்க்க வேண்டியவையே. ஆனால் டீசலின் ஒரே சுருதி உறுமலில் பெரியப்பா தூங்கிவிட்டார். வெலிங்டனில் மட்டும் கண் விழித்து, ராணுவத்துக்குப் பிள்ளைகளை அனுப்பியே பேர்பெற்ற கம்மவான்பேட்டையில் தமக்கு இருந்த நண்பர்கள் பலர், பயிற்சிக்கு இந்த மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்துக்குத்தான் வந்தார்கள் என்று சொல்லிவிட்டு மீண்டும் தூங்கினார். உச்சிப்பொழுதில் 2,200 மீட்டர் உயரத்தில் இறங்கியபோது, வேலூர்க்காரர்களான நாங்கள் நால்வரும் வெயிலைத் தேடிப்போய் நின்றோம். வாழ்நாளில் நாங்கள் வெயிலைத் தேடியது அந்த ஒருமுறைதான். இறங்குவதற்கு ரயிலில் இடம் கிடைக்கவில்லை. பேருந்தில் மேட்டுப்பாளையம் வந்து இரவு வண்டி பிடித்தோம்.

விடியுமுன் காட்பாடியில் இறங்கி, ஆட்டோவில் முதலில் பெரியப்பாவைக் கொண்டுபோய் விட்டோம். பெரியம்மா வாசல் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தார். பயணம் எப்படி இருந்தது என்று அவர் கேட்கவில்லை. பெரியப்பா படியேறும்போதே அவர் சட்டையைப் பெரியம்மா ஒருமுறை பார்த்தார், மூக்கைச் சுளித்தார். கிணறு தூர்ந்து பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. இருந்தாலும் பெரியப்பா ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி, வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். உள்ளே பெரியம்மா தனி வாளி தேடும் சத்தம் கேட்டது.