காணாமல் போன 11 குரோமோசோம்கள்

ஆய்வகத்தில் எத்தனை கருவிகள் இருந்தாலும், வெட்டுக்கிளியின் குரோமோசோமைப் பார்ப்பதற்கு முக்கியமான கருவி கட்டைவிரல்தான். அன்றைக்கு அந்தப் பொறுப்பை நண்பர் கேட்டு வாங்கிக்கொண்டார். தினமும் உடற்பயிற்சி செய்பவர். அப்போதே யோசித்திருக்கலாம்.

ஆண் வெட்டுக்கிளியின் குடலுக்கு மேலே விந்தகம் இருக்கும். அதை எடுத்து, மூன்று பங்கு ஆல்கஹாலும் ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் சேர்ந்த கலவையில் போட்டு வைத்திருந்தோம். அதிலிருந்து ஓரிரு குழல்களை மட்டும் ஸ்லைடில் வைத்து, அசிட்டோகார்மைன் சாயம் விட்டு, ஊசியால் தட்டிக் கலைத்து, கவர் ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடித் துண்டால் மூடி, மேலே வடிதாளை வைத்து அழுத்த வேண்டும். நேராக அழுத்த வேண்டும். கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்தாலும் செல்கள் எல்லாம் சுருண்டு வீணாகிவிடும்.

நண்பர் நகர்த்தவில்லை. நேராகத்தான் அழுத்தினார். 'டிக்' என்று சத்தம் வந்தது. கவர் ஸ்லிப் நான்கு துண்டு.

அடுத்த ஸ்லைடு உடையவில்லை, ஆனால் பார்த்த இடமெல்லாம் வால் முளைத்த விந்தணுக்கள். பந்தி முடிந்த பிறகு கல்யாண வீட்டுக்குப் போன மாதிரி. குழலின் ஒரு முனையில் பிரியத் தொடங்கும் செல்கள், மறுமுனையில் முதிர்ந்த விந்தணுக்கள். நாங்கள் எடுத்தது மறுமுனையை.

கடைசியில் ஒரு நல்ல செல் சிக்கியது. நண்பர் எண்ணினார். பன்னிரண்டு.

"புத்தகத்தில் 23 என்று போட்டிருக்கிறதே, மீதி 11 எங்கே?"

அழுத்தியதில் வெளியே தெறித்திருக்குமோ என்று வடிதாளைப் புரட்டிப் பார்த்தார்! குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் குன்றல் பிரிவின் அந்தக் கட்டத்தில் குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாக ஒட்டிக்கொண்டிருக்கும், 11 ஜோடியும் ஒரு எக்ஸ் குரோமோசோமும் சேர்ந்துதான் 12 என்று சொன்னதும் முகம் தெளிந்தது. உடனே அடுத்த கவலை: "அப்படியென்றால் எக்ஸுக்கு ஜோடி?"

கிடையாது. ஆண் வெட்டுக்கிளிக்கு ஒய் இல்லை. அதன் எக்ஸ் தனிக்கட்டை. இதில் குழம்பியவர் நண்பர் மட்டுமல்ல. 1902-இல் மெக்ளங் என்ற விஞ்ஞானி, இந்தக் கூடுதல் குரோமோசோம்தான் ஆணாக்குகிறது என்று எழுதினார். பாலினத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்றது சரி; ஆனால் இரண்டு எக்ஸ் வைத்திருப்பது பெண்.

சரி, ஸ்லைடு காய்வதற்குள் ஓரத்தை மூட நகப்பூச்சு வேண்டும். யாரிடம் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தபோது, நண்பரே பைக்குள் கைவிட்டு அடர் சிவப்பில் ஒரு குப்பியை எடுத்தார். தங்கையுடையதாம். நாங்கள் யாரும் கேட்கவே இல்லை.